கப்பல் ஏறாமல் சவேரியாரைப் பின்பற்றுவது

கேள்வி இது: "சவேரியார் நினைவாகத்தான் எனக்குப் பெயர் வைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவருடைய நவநாள் செபிக்கிறேன், டிசம்பர் 3 பூசையைத் தவறவிட்டதில்லை. ஆனால் அவர் கடல் கடந்து போய் ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். நான் காலையில் வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்பும், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். வெளியாட்களிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசவே எனக்குக் கூச்சம். என்னைப் போன்றவன் ஒரு மறைப்பணிப் புனிதரை எப்படிப் பின்பற்றுவது? வெறும் பெயரோடு நின்றுவிட வேண்டியதுதானா?"

கோவில்களில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் சுரூபத்தை நாம் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. பாடுபட்ட சுரூபத்தை ஒரு கையில் உயர்த்திப் பிடித்திருப்பார், காலடியில் யாரோ மண்டியிட்டிருப்பார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவருக்கு உங்களுடைய கேள்வி வருவது இயல்பு. நான் பல ஆண்டுகளாக மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். என் மனத்திலும் அந்த உயர்த்திய கைதான் வெகுகாலம் இருந்தது. அதை மாற்றியவை அவருடைய கடிதங்கள். தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறையிலிருந்தும், கொச்சியிலிருந்தும், மலாக்காவிலிருந்தும், ஜப்பானிலிருந்தும் எழுதிய கடிதங்களில் வேறொரு மனிதர் இருக்கிறார். களைத்துப் போகிறார், தவறு செய்கிறார், திருத்திக்கொள்கிறார், நண்பர்களுக்காக ஏங்குகிறார். பின்பற்ற வேண்டியவர் அவர் என்றுதான் நான் நம்புகிறேன்.

ஒரு கடிதத்தை மட்டும் முதலில் சொல்கிறேன். தமிழ் தெரிந்த எவரும் அதை மறக்க முடியாது.

1542 அக்டோபரில் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்த பரதவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அரைகுறையாகத் தெரிந்த சிலரைக் கூட்டி வைத்து, மிகுந்த பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே, பத்துக் கட்டளைகள் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் பெயர்த்து, அதை மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். பிறகு தம் உடன்பணியாளர் மான்சிலாஸுக்கு ஒரு திருத்தம் எழுதுகிறார். விசுவாச அறிக்கையில் 'வேணும்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்று சொல்லிக்கொடுங்கள். 'வேணும்' என்றால் ஆசைப்படுகிறேன் என்று பொருள், நாம் சொல்ல வேண்டியது நம்புகிறேன் என்பது. கருத்து இதுதான்.

அதாவது, இத்தனை நாளும் மக்களைக் கூட்டி வைத்து, 'கடவுளை நம்புகிறேன்' என்பதற்குப் பதிலாக 'கடவுள் எனக்கு வேணும்' என்று சொல்ல வைத்திருக்கிறார். அதைக் கேட்ட யாரோ ஒருவர், தமிழ் பேசும் ஒருவர், அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே தத்துவம் கற்பித்தவர், அந்த ஆளின் பேச்சைக் கேட்டார். வெட்கப்பட்டு மறைக்காமல் கடிதத்தில் எழுதித் திருத்தினார்.

சவேரியாரின் முன்மாதிரி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எதிரே இருப்பவரின் மொழிக்குள் போவது, போகும்போது தவறினால் அவரிடமே கற்றுக்கொள்வது. இதற்குக் கப்பல் தேவையில்லை.

நீங்கள் பிள்ளைகளின் தகப்பன் என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் முத்துக்குளித்துறை உங்கள் வீட்டு முன்னறைதான். என் மகனுக்குப் பதினாறு வயதானபோது ஞாயிறு பூசைக்கு வரமாட்டேன் என்றான். எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் அவன் மேல் இறக்கினேன்: கடமை, கட்டளை, பாவம், குடும்ப மரியாதை. ஒரு நாள் அவன் அமைதியாகச் சொன்னான், "அப்பா, ஏன் வரணும்னு நூறு தடவை சொல்லிட்டீங்க. நீங்க ஏன் போறீங்கன்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்ல." எனக்குப் பேச்சு வரவில்லை. மறைக்கல்வி ஆசிரியரின் நிலைமை அது. இரண்டு நாள் கழித்துத்தான் என்னால் சொல்ல முடிந்தது. என் தகப்பனார் இறந்த ஆண்டில் எனக்குச் செபிக்கவே வரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். சுற்றி இருந்தவர்கள் சொன்ன செபம்தான் என்னைத் தாங்கிக்கொண்டு போனது. அதற்காகவே போனேன், இன்னும் போகிறேன். அடுத்த ஞாயிறே அவன் வந்துவிடவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் முதன்முறையாக நான் சொன்னதை அவன் கேட்டான். அதுவரை நான் அவனுக்கு 'வேணும்' என்றே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். சவேரியார் யாருடைய மறைப்பணியின் பலன்? 1506-இல் நவார் நாட்டில் ஒரு கோட்டை வீட்டில் பிறந்தவர், பேர் வாங்க வேண்டும் என்ற ஆசையோடு 1525-இல் பாரிசுக்குப் படிக்கப் போனார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தங்கியிருந்த அறைக்கு ஒரு முதிர்ந்த மாணவர் வந்து சேர்ந்தார். காலில் பட்ட காயத்தால் நொண்டி நடப்பவர், இவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர்தான் பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். அதே அறையில் இருந்த பீட்டர் ஃபேபர் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். சவேரியார் சாயவில்லை, வெகுகாலம் கேலி செய்தார். இஞ்ஞாசியார் அவரோடு வாதாடி வெல்லப் பார்க்கவில்லை. இவருடைய வகுப்புகளுக்கு மாணவர்களைத் தேடிச் சேர்த்துவிட்டார், கையில் பணம் இல்லாதபோது உதவினார், காத்திருந்தார். ஆண்டுகள் ஆயின. 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்தர் குன்றில் ஏழு பேர் வார்த்தைப்பாடு கொடுத்தபோது சவேரியாரும் அதில் ஒருவர். ஆசியாவின் மாபெரும் மறைப்பணியாளரை உருவாக்கியது ஒரு மாணவர் அறை. ஒரே அறையில் உறங்கி எழுந்த ஒருவரின் பொறுமை. வாழ்க்கைத் துணையோடும், உடன்பிறந்தவரோடும், வயதான பெற்றோரோடும் ஒரே கூரையின் கீழ் வாழும் நமக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு எடுத்துக்காட்டு இல்லை.

அவர் இந்தியாவுக்கு வந்ததும் அவர் திட்டமிட்டு நடந்ததல்ல. போக வேண்டியவர் பொபதில்லா என்ற தோழர். அவர் நோயில் விழுந்தார். போர்த்துகல் மன்னரின் தூதர் உரோமையிலிருந்து கிளம்பக் காத்திருந்தார். இஞ்ஞாசியார் சவேரியாரை அழைத்துக் கேட்டார். இதோ இருக்கிறேன் என்பதுதான் பதில். கிழிசல்களைத் தைத்துக்கொள்ள ஒரு நாள் கிடைத்தது. 1540 மார்ச்சில் புறப்பட்டார். இஞ்ஞாசியாரை அதன்பின் அவர் பார்க்கவே இல்லை. பெரிய அழைப்பு என்பது ஒளியும் குரலுமாக வரும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இவருக்கு அது இன்னொருவருடைய காய்ச்சலாக வந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத இரவு, விடுப்பில் போன ஒருவரின் வேலை நம் தலையில் விழுந்த நாள், வாசிக்க வேண்டியவர் வராததால் பங்குத்தந்தை நம்மைப் பார்த்து வாசகப் புத்தகத்தை நீட்டும் காலை: நம்மிடம் அழைப்பு வருவதும் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான். முணுமுணுக்காமல் 'இதோ இருக்கிறேன்' என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். முதல் நாள் நாக்கு ஒத்துழைக்காது.

கப்பலில் வரும்போது தம் துணிகளைத் தாமே துவைத்துக்கொண்டார். திருத்தந்தையின் பிரதிநிதி என்ற பதவியோடு வருபவருக்கு வேலையாள் வேண்டும் என்று வற்புறுத்தினார்கள், மறுத்துவிட்டார். 1542 மே 6 அன்று கோவாவில் இறங்கினார். தங்க இடம் கேட்டது மருத்துவமனையில். நோயாளிகளின் பாவசங்கீர்த்தனம் கேட்டார், சிறைக் கைதிகளிடம் போனார், ஞாயிறுதோறும் நகருக்கு வெளியே தொழுநோயாளிகளுக்குப் பூசை வைத்தார். பிற்பகலில் கையில் சிறு மணியோடு தெருவில் நடந்து பிள்ளைகளை அழைப்பார். வந்தவர்கள் 300 பேருக்கும் மேல் என்று அவரே எழுதியிருக்கிறார்.

பிள்ளைகள் என்றதும் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி நினைவுக்கு வருகிறது. 1544 ஜனவரி 15 தேதியிட்ட நீண்ட கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதையும், செபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் கம்மிப்போவதையும் எழுதுகிறார். நோயாளிகள் வீட்டிலிருந்து ஓயாமல் அழைப்பு வரும். எல்லா வீட்டுக்கும் அவரால் போக முடியாது. என்ன செய்தார் தெரியுமா? செபம் கற்றுக்கொண்ட பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் போய் அந்த வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு விசுவாச அறிக்கையைச் சொல்லி நோயாளிக்காகச் செபித்தார்கள். பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் பிள்ளைகளிடமே விட்டார். ஒவ்வோர் ஊரிலும் செபங்களின் பிரதி ஒன்றை வைத்து, மக்களை வழிநடத்தக் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். அவர்கள் எல்லாம் பொதுநிலையினர். அந்தக் கரையின் விசுவாசத்தை அன்றாடம் தாங்கி நின்றவர்கள் குருக்கள் அல்லர், அவர்கள்தான். மறைப்பணி என்பது துறவிகளுக்கு, குடும்பஸ்தருக்கு அல்ல என்ற எண்ணத்துக்குச் சவேரியார் காலத்திலேயே இடமில்லாமல் போய்விட்டது.

ஆகவே, உங்கள் பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்பிவிட்டு வெளியே காத்திருக்காதீர்கள். உங்கள் அன்பியத்தில் (பங்கின் அண்டை வீட்டார் குழுவில்) யாராவது நோயாய்ப் படுத்திருந்தால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். அங்கே போய்ச் செபத்தை நீங்கள் தொடங்க வேண்டாம், அவன் தொடங்கட்டும். முதல் தடவை தடுமாறும். படுத்திருக்கும் பெரியவர் தானே எடுத்துக்கொடுப்பார். அப்போது யார் யாருக்குச் செபம் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதே தெரியாமல் போய்விடும்.

வீட்டுச் செபத்துக்கும் சவேரியாரிடமிருந்தே ஒரு வழக்கம் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மலுக்குத் தீவுகளில் இருந்தபோது ஐரோப்பாவில் உள்ள தோழர்களுக்கு எழுதினார்: உங்களை மறக்காமல் இருக்க, நீங்கள் உங்கள் கைப்பட எழுதிய பெயர்களைக் கடிதங்களிலிருந்து வெட்டி எடுத்து, என் வார்த்தைப்பாட்டுத் தாளோடு சேர்த்து எப்போதும் என்னோடு வைத்திருக்கிறேன் என்று. கடிதம் போய்ப் பதில் வர ஆண்டுக்கணக்கில் ஆகும் காலம். அந்த மனிதர் நெஞ்சோடு பெயர்களைச் சுமந்து கடலில் போனார். நாங்கள் வீட்டில் ஒரு சிறு டப்பா வைத்திருக்கிறோம். செபம் கேட்டவர்கள், சண்டை போட்டுப் பேசாமல் இருப்பவர்கள், நம்பிக்கையை விட்டுப் போனவர்கள் என்று துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் போடுவோம். இரவுச் செபமாலையில் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் ஒரு சீட்டு. யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூசும் ஆளால்கூட இதைச் செய்ய முடியும். செய்யச் செய்ய அந்தப் பெயருக்கு உரியவரைப் பார்க்கும்போது நம் முகம் மாறுகிறது. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். அதை ஒரு குறையாகவே எழுதியிருக்கிறீர்கள். ஜப்பானுக்குப் போன சவேரியாரைப் பாருங்கள். போவதற்கு முன் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். உங்கள் நாட்டுக்கு வந்தால் மக்கள் கிறிஸ்தவர்கள் ஆவார்களா என்று கேட்டார். உடனே ஆகமாட்டார்கள் என்றார் அஞ்சிரோ. முதலில் நிறையக் கேள்வி கேட்பார்கள். நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் பேசுவதும் வாழ்வதும் ஒத்துப்போகிறதா என்று கவனிப்பார்கள். அதன் பிறகுதான் முடிவு. ஜப்பானியரைப் பற்றிச் சொன்ன இந்தப் பதில் உங்கள் அலுவலகத்துக்கும் அப்படியே பொருந்தும்.

1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கியபோது அவருக்கு மொழி தெரியாது. நாங்கள் அவர்கள் நடுவில் சிலைகளைப் போல இருக்கிறோம், அவர்கள் எங்களைப் பற்றி ஏதேதோ பேசிக்கொள்கிறார்கள், நாங்கள் பேசாமல் இருக்கிறோம் என்று எழுதினார். அதே கடிதத்தில், சிறு பிள்ளைகளைப் போல மொழி கற்கிறோம் என்றும் எழுதினார். இந்தியாவில் அத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை, மாதக்கணக்கில் மடியில் கிடந்தது. பேச முடியாத காலமும் மறைப்பணியின் பகுதிதான். கூச்சம் உள்ளவருக்கு ஒரு வரமும் உண்டு: அவர் அடுத்தவரைப் பேச விடுவார். வேலையிடத்தில் ஒருவர் தம் வீட்டுத் துயரத்தைச் சொல்லும்போது, குறுக்கே ஒரு வேத வசனத்தை வைக்காமல் முழுவதும் கேட்டு, மறுநாள் மறக்காமல் "அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்பவர் செய்வது எளிய காரியம் அல்ல. ஒரு நாள் அவரே, "உங்களால எப்படி இப்படி இருக்க முடியுது?" என்று கேட்கக்கூடும். புனித பேதுரு தம் முதல் திருமுகத்தில் சொல்வது அந்த நேரத்துக்குத்தான்: நம் எதிர்நோக்கின் காரணத்தைக் கேட்பவருக்கு விடை சொல்ல ஆயத்தமாக இருங்கள், ஆனால் பணிவோடும் மரியாதையோடும். விடை சொல்வது, பணிவு இந்த இரண்டில் எது விட்டுப்போனாலும் கெட்டுவிடும். கேட்காதவரிடம் திணிப்பதும் தவறு. கேட்டவரிடம் "அது ஒண்ணுமில்ல" என்று சமாளித்து நழுவுவதும் தவறு. என்னிடம் உள்ளது இரண்டாவது பழக்கம். உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஒரு நேரத்துக்காக, இரண்டே வாக்கியத்தில் உங்கள் பதிலை உங்கள் சொந்தச் சொற்களில் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். புத்தகச் சொற்கள் வேண்டாம்.

யமகுச்சியில் அவர் செய்த ஒன்றும் இங்கே சேரும். முதலில் கிழிந்த அங்கியோடு அந்நகருக்குப் போனார், பலன் இல்லை. ஏழ்மைக் கோலத்தை அங்கே தாழ்வாகத்தான் பார்த்தார்கள். தலைநகர் கியோட்டோவுக்குக் கடுங்குளிரில் நடந்து போய்ப் பேரரசரைப் பார்க்க முடியாமல் திரும்பினார். 1551-இல் மீண்டும் யமகுச்சிக்கு வந்தபோது நல்ல உடை உடுத்தி, கடிகாரம் முதலான பரிசுகளோடு அந்தப் பகுதியை ஆண்ட தலைவர் முன் நின்றார்; போதிக்க அனுமதி கிடைத்தது. கிழிந்த அங்கி அவருக்கு உயிரானது. ஏழ்மைக்கு அவர் வார்த்தைப்பாடு கொடுத்தவர். அதன் அடையாளத்தையே எதிரே இருப்பவருக்காகக் கழற்றி வைத்தார். நமக்குப் பிடித்த பக்திமுயற்சி, நமக்குப் பிடித்த பாட்டு, நாம் செபிக்கும் நீளம் இவற்றை வீட்டில் உள்ள மற்றவர்களுக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதும் அந்த வகைதான். ஒரு மணி நேரச் செபத்தில் பிள்ளைகளைத் தூங்கவைப்பதைவிட, எல்லாரும் விழித்திருக்கும் பத்து நிமிடம் மேல்.

பின்பற்றக் கூடாததும் அவர் வாழ்க்கையில் இருக்கிறது. அவரை நேசிப்பவர்கள் இதைச் சொல்லாமல் விடக் கூடாது என்பது என் கருத்து. பிள்ளைகள் சிலைகளை உடைப்பதைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதினார். 1546-இல் போர்த்துகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் கோவாவுக்கு இன்குவிசிஷன் விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டார். அது அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து வந்து, பலருக்குத் துன்பம் தந்தது. ஜப்பானில் புதிதாக மனம் மாறியவர்கள், இறந்துபோன எங்கள் தாய் தகப்பனுக்கு மீட்பு உண்டா என்று அழுதபோது, இல்லை என்றுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது. நான் இவ்வளவு நேசிக்கும் நண்பர்கள் அழுவதைப் பார்க்கத் தாங்கவில்லை என்று எழுதினார். அவர் மனம் சரியான இடத்தில் நின்றது. அவர் காலத்து விளக்கம் அதை எட்டவில்லை. தம் தவறின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி வாழ முயல்பவர்களும் மீட்புப் பெற முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் தெளிவாகக் கற்பித்தது. மறு ஆண்டில், பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் புனிதமானதுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றும், நம்பிக்கையில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அறிக்கைகள் வந்தன. வேற்றுச் சமயத்து நண்பரின் பண்டிகைக்கு மகிழ்ச்சியோடு வாழ்த்துச் சொல்வதும், அவருடைய வழிபாட்டை இகழ்ந்து நம்மவர் பேசும்போது நிறுத்தச் சொல்வதும் சவேரியாருக்குத் துரோகம் ஆகாது. 'வேணும்' என்பதைத் திருத்தியவர் இதையும் திருத்திக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

கப்பல் ஏறாதவர்களுக்கு என்றே திருச்சபை இன்னொருவரையும் தந்திருக்கிறது. 1927-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் சவேரியாரோடு சேர்த்து மறைப்பணிகளின் பாதுகாவலராக அறிவித்தவர் குழந்தை இயேசுவின் தெரேசா. பதினைந்து வயதில் கார்மெல் மடத்துக்குள் போனவர், இருபத்து நான்கு வயதில் அங்கேயே இறந்தார். மறைப்பணியாளர் இருவருக்காகச் செபித்துக் கடிதம் எழுதினார். காசநோய் முற்றிய நாட்களில் ஒவ்வோர் அடி எடுத்து வைப்பதும் வேதனை; எங்கோ களைத்திருக்கும் ஒரு மறைப்பணியாளருக்காக நடக்கிறேன் என்றார். மாடிப்படி ஏறும்போது மூட்டு வலிக்கும் உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர்களுக்கு உடனே புரியும்.

உங்களுக்கென்று சவேரியார் எழுதியது போல ஒரு கடிதமும் இருக்கிறது. 1549-இல் பாரசீக வளைகுடாவின் ஓர்முஸ் தீவுக்குப் போன காஸ்பர் பார்சேயுஸ் என்ற தோழருக்குக் கொடுத்த அறிவுரைகள் அவை. முதலில் உன் ஆன்மாவைக் கவனி என்று தொடங்குகிறார். தன்னைப் பார்க்காதவன் பிறருக்கு உதவ முடியாது. அன்றாடம் ஆன்ம சோதனை செய். பிள்ளைகளுக்குச் செபம் கற்பிக்கும் வேலையை இன்னொருவரிடம் தள்ளாதே. போகும் இடத்தில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எதில் இடறுகிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொள். மனிதர்களே உயிருள்ள நூல்கள். பழகும்போது மலர்ந்த முகத்தோடு இரு, அஞ்சி யாரும் விலகக் கூடாது. இதில் குடும்பஸ்தரால் செய்ய முடியாதது எது? இரவில் படுக்கும் முன் மூன்று நிமிடம்: இன்று யாரிடம் கடுமையாகப் பேசினேன், யார் பேச வந்தபோது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கடவுள் எந்த முகத்தின் வழியாக வந்தார். மாதம் ஒரு முறையாவது ஒப்புரவு அருட்சாதனம். இவை இல்லாமல் மற்றவற்றைச் செய்தால் சில மாதங்களில் அது வெறும் சமூக சேவையாகிக் களைத்துப்போகும். நான் அப்படிக் களைத்து ஓராண்டு வகுப்பையே விட்டுவிட்டவன். திரும்பி வந்தது பாவசங்கீர்த்தனத் தொட்டியின் வழியாகத்தான்.

கடைசியாக எண்ணிக்கை. அவர் ஆயிரக்கணக்கில், நான் ஒருவரையும் காணோம் என்ற ஏக்கம் உங்கள் கேள்வியில் இருக்கிறது. 1552-இல் சீனாவுக்குள் போக வேண்டும் என்று புறப்பட்டு, கரை தெரியும் தூரத்தில் உள்ள சாங்சுவான் தீவில் காத்திருந்தார். உள்ளே கூட்டிப்போவதாகக் கூலி பேசிய சீன வணிகர் வரவே இல்லை. காய்ச்சல் கண்டது. டிசம்பர் 3 விடியும் முன், ஓலைக் குடிசையில் அவர் இறந்தபோது பக்கத்தில் இருந்தது அந்தோணியோ என்ற சீனக் கிறிஸ்தவர். வயது 46. அவருடைய கடைசித் திட்டம் நிறைவேறவில்லை. தமிழும் அவருக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. அந்த வேலையை அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் எடுத்துக்கொண்டு, அதே கரையில் பல்லாண்டு தங்கித் தமிழைக் கற்றுத் தேர்ந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழில் பெயர்த்த மறைக்கல்வி நூல். 'வேணும்' என்று தடுமாறியதற்கும் அந்த அச்சுப் புத்தகத்துக்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, இரண்டு மனிதர்கள் தேவைப்பட்டார்கள். உங்கள் பிள்ளையிடம் நீங்கள் தடுமாறிச் சொன்னதை வேறு யாரோ பிறகு தெளிவாகச் சொல்லக்கூடும்.

நவநாளை விட்டுவிடாதீர்கள். இந்த முறை நவம்பர் 24 அன்று தொடங்கும்போது ஒரு தாளில் ஒன்பது பெயர் எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டில் மூன்று, வேலையிடத்தில் மூன்று, நீங்கள் பேசாமல் விட்டவர்கள் மூன்று. நாளுக்கு ஒருவருக்காகச் செபம். செபம் முடிந்ததும் அன்றைக்கே அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அல்லது நேரில் ஒரு வார்த்தை. விசுவாசத்தைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். ஒன்பதாம் நாள் பெயரைக் கொஞ்சம் கடினமானவராக வைத்துக்கொள்ளுங்கள்; அதற்குள் எட்டு நாள் பழகியிருப்பீர்கள்.